பகலின் அளவும் நீர்ப்பூச்சிகளின் உறக்கமும்

இரவும் பகலும் மாறி மாறி வருவதில் சிந்திப்போருக்கு அத்தாட்சி உண்டெனத் திருமறை பலவிடங்களில் சுட்டுகிறது. அம்மாற்றத்தை நாம் அன்றாடம் காண்பது தொழுகை நேர அட்டவணையில்தான். திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்தில் மக்ரிபின் நேரம் ஆண்டு முழுவதிலும் ஏறத்தாழ ஒரு மணி நேரமே முன்பின்னாக நகர்கிறது. மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்குள்ள வேறுபாடு ஒன்றரை மணிக்கும் குறைவு. இலண்டனிலோ எட்டரை மணிக்கும் மேல்.

இவ்வேறுபாட்டை அளந்து வாழும் உயிர்களுள் நன்னீர்ப் பூச்சிகளின் இளவுயிரிகளும் அடங்கும். குளிர்நாடுகளில் நீர் உறையுமுன் அவை வளர்ச்சியை நிறுத்தி உறங்கியாக வேண்டும். குளிரை மட்டும் நம்பினால், இடையே ஒரு வாரம் வெயிலடித்தாலும் ஏமாற நேரும். பகலின் அளவு பிறழாதது. இரவு குறிப்பிட்ட நீளத்தைக் கடந்ததும் மூளையின் ஊக்கி தடைபடுகிறது. தோலுரித்து வளரச் செய்யும் எக்டைசோன் சுரப்பு குறைகிறது. துன்பம் வருமுன்னரே மேற்கொள்ளும் ஓய்வு இது.

வட அமெரிக்கக் குடுவைச் செடியின் இலைக்குள் தேங்கும் நீரில் வயோமியா ஸ்மித்தி என்னும் கொசுவின் புழுக்கள் வாழ்கின்றன. 1972 முதல் 1996 வரையிலான அளவீடுகளை ஒப்பிட்டு பிராட்ஷா, ஹோல்சாப்ஃபெல் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு வியப்புக்குரியது. பருவம் வெப்பமடைந்து நீண்டதால், வடபுலக் கொசுக்கள் மேலும் குறுகிய பகல் வரும்வரை உறங்காதிருக்குமாறு மரபுவழியே மாறியிருந்தன. பகல் மாறவில்லை, அதற்குக் கொண்ட பொருள்தான் மாறியது!

நம் பகுதியில் பகல் இவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை. இங்கே உயிர்களை ஆள்பவை பெரும்பாலும் மழையும் வறட்சியுமே. ஏறத்தாழ நம்மை ஒத்த அட்சரேகையிலுள்ள நைஜீரியப் பாறைக்குழிகளில், பாலிபெடிலம் என்னும் கடிக்காத கொசுவினப் பூச்சியின் புழு, நீர் வற்றும்போது தன் உடல்நீரை ஏறக்குறைய முற்றும் இழந்து, டிரெஹலோஸ் என்னும் சர்க்கரையின் காப்பில் கிடக்கிறது. மழை வந்ததும் உயிர்ப்பெறுகிறது.

மழைக்காலத்தில் வயல்மீது கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தட்டான், பாண்டாலா ஃப்ளாவெசென்ஸ், வேறு வழி கொண்டது. அது உறங்குவதில்லை, புறப்பட்டுவிடுகிறது. தேங்கிய நீரில் ஆறு வாரமளவில் வளர்ந்து சிறகு பெறுகிறது. நன்னீர்நிலை அரிதான மாலத்தீவில் அக்டோபர் முதல் இவை திரளாக இறங்குவதைக் கண்ட சார்லஸ் ஆண்டர்சன், இந்தியாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை இவை கடல் கடப்பதாக 2009இல் எழுதினார்.

இவ்வட்டாரம் 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல்மழையால் தென்பெண்ணை கரைபுரண்டதைக் கண்டது. மழை பொய்த்த ஆண்டுகளையும் கண்டிருக்கிறது. ஏரியும் குட்டையும் ஆறு வாரம் நீர் தாங்காவிடில் தட்டானின் ஒரு தலைமுறை சேற்றிலேயே மடியும். அதன் இளவுயிரி தின்று குறைக்கும் கொசுப்புழுவுக்கோ அவ்வளவு நாள் தேவையில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, தொட்டியின் சுவரில் உலர்ந்தபடியே மாதக்கணக்கில் காத்திருக்கும். நீர் பட்டதும் பொரிந்து, பத்து நாளுக்குள் பறந்துவிடும்.