ஊர் கூடிப் படிக்கும் போர் நாவல்

ஓர் ஊரார் அனைவரும் ஒரே நூலைப் படித்துப் பின்னர் ஒன்றுகூடி விவாதிப்பதாகிய கூட்டு வாசிப்பு இயக்கம், 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டல் பொது நூலகத்தில் தொடங்கி, 2005இல் தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிகளில் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தது. மலேசியாவின் கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டத் தமிழரிடையே அத்தகைய இயக்கம் அமையுமாயின், அதற்கு அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ நாவலே முதற்கண் பொருந்தும். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஏறத்தாழ 415 கிலோமீட்டர் தொலைவுக்கு அமைத்த சயாம் மரண ரயில் பாதைக்கு, கூலி தருவதாக ஆசை காட்டியும், வலுவில் பிடித்தும், மலாயாத் தோட்டத் தொழிலாளரைச் சரக்கு வண்டிகளில் ஏற்றிச் சென்று காலராவுக்கும் மலேரியாவுக்கும் பலிகொடுத்த வரலாற்றை அந்நாவல் விரிக்கிறது. பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதோர் சுற்றியமர்ந்து கேட்கும் வழக்கம் தோட்டக் குடியிருப்புகளான லயங்களில் முன்பே இருந்தமையால், இவ்வியக்கம் அங்கு அத்தனை புதுமையாகவும் தோன்றாது.