மாட்டுக்கு ஆகும் பூண்டு நாய்க்கு ஆகுமா?

தாம்பரம், சேலையூர், முடிச்சூர் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மிடம் வாடிக்கையாளர்கள் சரக்கு மட்டுமா கேட்கிறார்கள்? "அண்ணாச்சி, மாட்டுக்கு மடி வீங்கிக் கிடக்குது, என்ன போடலாம்?" என்பார் பால்காரர். "நாய்க்கு வயிறு சரியில்லை, பூண்டு கொடுக்கலாமா?" என்பார் அடுக்குமாடி வீட்டிலிருந்து வரும் அம்மா. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிப் பதில் சொல்லிப் பழகிவிட்டோம். அங்கேதான் தவறு நேர்கிறது.

மாட்டைப் பொறுத்தவரை நம் சரக்குக்கு நல்ல மரியாதை உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி, பாட்டி வைத்தியத்தை ஆராய்ந்து அளவோடு முறைப்படுத்தித் தந்தார். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் அதைப் பரப்பி வருகிறது. மடிநோய்க்குச் சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்து, மடியைக் கழுவிவிட்டு நாளுக்குப் பல முறை பூச வேண்டும். கோமாரியில் வாய்ப்புண்ணுக்குச் சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு, தேங்காய், வெல்லம். கற்றாழை தவிர எல்லாம் நம் கடையிலேயே கிடைக்கும். நானூறு கிலோ மாட்டுக்கு நாலு பல் பூண்டு ஒரு பொருட்டல்ல.

நாயின் சங்கதி வேறு. வெங்காயமும் பூண்டும், பச்சையோ வேகவைத்ததோ பொடியோ, நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூனைக்கு இன்னும் மோசம். உலர்திராட்சை சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும். ஒரு தீபாவளிச் சமயத்தில், வாடிக்கையாளருடன் வந்த நாய்க்கு நம் வியாபாரி ஒருவர் அன்பாக ஒரு பிடி திராட்சையை நீட்டியதைப் பார்த்துப் பதறிப் போனோம்.

திராட்சையில் என்ன விஷம் என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதித்ததை அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் ஊரில் மிச்சமான சாம்பார் சாதம் நாய்க்குத்தானே போகிறது! அதில் புளியும் உண்டு, வெங்காயமும் உண்டு.

அப்படியானால் அந்த அம்மாவுக்கு என்ன சொல்வது? வளர்ந்த நாய்க்கு லேசான கழிச்சல் என்றால், உப்பில்லாத அரிசிக் கஞ்சி, வேகவைத்த மஞ்சள் பூசணி, மசாலாவும் எலும்பும் இல்லாத வெந்த கோழி. ஒரு நாள் பார்க்கலாம். குட்டி நாய், இரத்தக் கழிச்சல், விடாத வாந்தி என்றால் கஞ்சி கொடுத்துப் பார்க்கவே கூடாது. பார்வோ நோயாக இருந்தால் அந்த ஒரு நாளிலேயே குட்டி போய்விடும். நேரே மருத்துவரிடம் அனுப்புங்கள். நம் பக்கத்தில் மருத்துவர் அகப்படாவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1903-இல் தொடங்கிய கல்லூரி அது.

இன்னொன்று. காய்ச்சலுக்கு நாம் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

பூண்டோ மஞ்சளோ மருந்துக்கென்று கேட்டால், பொட்டலம் மடிக்கும் முன் "மாட்டுக்கா, நாய்க்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம். மடிப் பூச்சுக்குச் சுண்ணாம்பு வாங்க வருபவரிடம், அரைத்த விழுதை வீட்டு நாய் நக்காத இடத்தில் வைக்கவும் சொல்லி அனுப்பலாம். கற்றாழையும் நாய்க்கு ஆகாது.