ஆட்டோமேட்டிக் காரா? அந்த இரண்டு குழாய்களையும் ஒருமுறை பாருங்க!

பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கும்போது இன்ஜின், டயர், பிரேக், ஏ.சி என்று எல்லாவற்றையும் பார்ப்பவர்கள்கூட ஒன்றை விட்டுவிடுகிறார்கள். கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்க எடுத்துச் செல்லும் இரண்டு மெல்லிய குழாய்கள்தான் அவை. சில நூறு ரூபாய் கிளாம்ப் இல்லாமல் போனால், லட்சத்தைத் தொடும் கியர்பாக்ஸ் செலவில் கொண்டுபோய் விடக்கூடியவை.

என்ன வேலை செய்கின்றன?

டார்க் கன்வெர்ட்டர் வகை கியர்பாக்ஸில், இன்ஜினின் சக்தியைக் கடத்துவதும், உள்ளே இருக்கும் கிளட்ச்களை அழுத்திப் பிடிப்பதும் ஆயில்தான். அதில் ஆயில் நன்றாகச் சூடாகும். பல கார்களில் அது ஒரு குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போய், சூடு தணிந்து, இன்னொரு குழாயில் திரும்பி வருகிறது. உலோகக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேர்ந்த அமைப்பு இது.

ஏ.எம்.டி கார்களில் இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். அவற்றில் இந்தக் குழாய்கள் கிடையாது.

ஏன் ஓட்டை விழுகிறது?

இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுன்ட்டில் அசைந்துகொண்டே இருக்கும். ரேடியேட்டரோ பாடியோடு நிலையாக நிற்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் குழாயைப் பிடித்துக்கொள்ளத்தான் கிளாம்ப்கள். வயதான காரில் அவை துருப்பிடித்து உடைந்துவிடும். சில நேரம், வேறு வேலைக்காகக் கழற்றியவர் திரும்ப மாட்டாமலே விட்டிருப்பார். பிடிமானம் போன குழாய், பக்கத்து இரும்பில் உரசி உரசித் தேய்ந்து ஒருநாள் பொத்துக்கொள்ளும்.

வண்டி ஓடும்போது பம்ப் ஆயிலை வெளியே தள்ளிவிடும். ஆயில் குறைந்தால் கிளட்ச்கள் வழுக்கிக் கருகும். சூடான சைலன்ஸர் பைப்பில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ், கூலர் குழாய் சரியாகப் பொருந்தாமல் கழன்று தீப்பிடிக்கலாம் என்ற காரணத்துக்காகச் சுமார் 4.9 லட்சம் பிக்கப், எஸ்.யூ.வி-க்களைத் திரும்ப அழைத்தது. அவை புதிய வண்டிகள்!

எப்படிப் பொருத்த வேண்டும்?

* கட்டுக்கம்பி கூடாது. அதுவே குழாயை அறுக்கும். பிளாஸ்டிக் டை சூட்டில் நொறுங்கிவிடும்.

* உள்ளே ரப்பர் பதித்த உலோக கிளாம்ப்பை, குழாயின் அளவுக்கு வாங்கி, பழைய கிளாம்ப் இருந்த இடத்திலேயே போல்ட் போட வேண்டும்.

* சைலன்ஸர் பைப், ஃபேன், ஸ்டீயரிங் பாகங்களிலிருந்து குழாய் விலகி நிற்க வேண்டும். இன்ஜின் அசைவைத் தாங்க, ரப்பர் ஹோஸில் கொஞ்சம் தளர்வும் வேண்டும்.

* ஹோஸ், கியர் ஆயிலையும் சூட்டையும் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸைப் போட்டால் ஊறிப் பிளந்துவிடும்.

* குழாய் முனையில் இருக்கும் மேட்டைத் தாண்டி ஹோஸை ஏற்றி, மேட்டுக்குப் பின்னால் கிளிப் போட வேண்டும். அளவுக்கு மீறி முறுக்கினால் ரப்பர் அறுந்துவிடும்.

* தேய்ந்த குழாய்க்கு டேப்பும் பசையும் தீர்வல்ல. மாற்றுவதுதான் வழி.

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

இரவில் காரின் முன்பகுதிக்குக் கீழே ஓர் அட்டையை விரித்துவையுங்கள். காலையில் சிவப்பாகவோ, செம்பழுப்பாகவோ துளிகள் தெரிந்தால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையவே கூடாது.

கசிவு அதிகமென்றால் ஓட்டிப் போகாதீர்கள். கட்டி இழுப்பதும் ஆபத்து. சக்கரம் சுற்றினால் கியர்பாக்ஸ் கெடலாம். நான்கு சக்கரமும் தரையில் படாதபடி லாரியில் ஏற்றி அனுப்புவதே பாதுகாப்பு.

அடுத்த சர்வீஸில் வண்டி லிஃப்ட்டில் ஏறும்போது, "கியர்பாக்ஸ் கூலர் பைப்புக்கு எல்லா கிளாம்ப்பும் இருக்கா அண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்!