தகடூர் முற்றுகையும் சரித்திர நாவலும்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்ததைப் புறநானூறும், சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றதைப் பதிற்றுப்பத்தும் சொல்கின்றன. முற்றுகைக்குள் இருந்தவர்கள் என்ன பேசினார்கள், யாரை நினைத்து அழுதார்கள் என்பதற்குச் சான்றில்லை; அந்தப் போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’யிலும் சில பாடல்களே மிஞ்சின. சரித்திர நாவலின் ஈர்ப்பு பிறப்பது இந்த இடைவெளியில்தான். போரின் முடிவு தெரிந்திருந்தும், காதலும் சாகசமும் அதை நம் சொந்தக் கவலையாக்கிவிடுகின்றன.

இது வரலாற்றைத் திரிக்காதா? அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை தொடர்பாக ரவிதாசன் முதலியோரைக் குறிப்பிடும் உடையார்குடிக் கல்வெட்டைப் பொதுவாசகர் தேடிப் போனது, 1950இல் தொடராகத் தொடங்கிய கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைப் படித்த பிறகுதான். அந்நாவலின் நந்தினி கற்பனைப் பாத்திரம் என்று விசாரித்து அறிந்தவர்களும் அவர்களே. அதியமான் பெயர் பொறித்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஜம்பைக் குன்றில் இருக்கிறது. அவனைப் பற்றிய நல்ல நாவல் ஒன்று வாசகரை அங்கேயும் அழைத்துச் செல்லும்.