பல்லைக் கடித்து மலையேறும் ரயில்

நீலகிரி மலை ரயிலின் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் ஒரு மீட்டர். இந்தியாவின் பெரும்பாலான ரயில்கள் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஓடுவதால், அங்கே இதைப் பார்ப்பவர்களுக்கு இது பொம்மை ரயில். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் இருக்கும் பத்து காவான் ஊர்க்காரர்களுக்கு அப்படித் தோன்ற நியாயமில்லை. சிம்பாங் அம்பாட்டிலும் நிபோங் திபாலிலும் நின்று போகும் கொமுட்டர், மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் இ.டி.எஸ். எல்லாமே இதே ஒரு மீட்டர் பாதையில்தான் ஓடுகின்றன. நீலகிரி ரயிலோ மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரையிலான 46 கிலோமீட்டரை ஏறி முடிக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது.

காரணம் மலை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை 2,203 மீட்டர். இந்த ஏற்றத்தின் பெரும்பகுதி கல்லாறு முதல் குன்னூர் வரையிலான சுமார் 19 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. அங்கே சில இடங்களில் 12 அடி போனால் ஓரடி ஏற வேண்டும். வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான இரும்புத் தண்டவாளத்தில் அப்படி ஏறாது, வழுக்கும்.

பினாங்கின் கொடிமலை ரயிலுக்கும் இதே சிக்கல்தான். அங்கே கயிறு கட்டி இழுத்தார்கள். 1923-ல் பொதுமக்களுக்குத் திறந்த அந்தப் பாதையில் பெட்டிக்குள் எஞ்சினே கிடையாது. நீலகிரியில் கையாண்ட வழி வேறு. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில், ரம்பப் பல் போன்ற பற்கள் கொண்ட இரண்டு இரும்புப் பட்டைகளை அடுத்தடுத்துப் பதித்தார்கள். எஞ்சினின் அடியில் இருக்கும் பல்சக்கரம் இந்தப் பற்களைக் கவ்விக்கொண்டு ஏறும். ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் அடுத்த பட்டையில் பள்ளம் வரும்படி மாற்றி வைத்திருப்பதால், சக்கரத்தின் பிடி ஒரு கணமும் விடுவதில்லை. சுவிட்சர்லாந்து பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. இந்தியாவில் பல்சக்கரத்தால் ஏறும் ரயில் இது ஒன்றுதான்.

யோசனை பிறந்தது 1854-ல். சென்னை மாகாணத்து வெள்ளைக்கார அதிகாரிகள் கோடையில் உதகைக்கு ஓடுவது வழக்கம். அதற்கு மாட்டுவண்டியும் குதிரை வண்டியும் போதவில்லை. ஆனால் பணம் போட ஆளில்லை. 1882-ல் சுவிட்சர்லாந்திலிருந்து ரிகன்பாக் என்ற பல்சக்கர ரயில் நிபுணர் வந்து மதிப்பீடு போட்டுக் கொடுத்தார். 1891-ல் வேலை தொடங்கியது. எடுத்து நடத்திய கம்பெனி 1894-ல் நொடித்துப்போனது. புதிய கம்பெனி வந்து, 1899 ஜூன் 15-ஆம் தேதி குன்னூர் வரை ரயில் விட்டது. உதகைக்குப் போய்ச் சேர்ந்தது 1908-ல். திட்டம் போட்ட தலைமுறையில் எத்தனை பேர் அதில் ஏறியிருப்பார்கள் என்பது கேள்விதான்.

மொத்தப் பாதையில் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். இவற்றையெல்லாம் விடப் பார்க்க வேண்டியது எஞ்சின். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் செய்து, 1914 முதல் 1952 வரை பல தவணைகளில் வந்து சேர்ந்த ‘எக்ஸ்’ வகை நீராவி எஞ்சின்கள் இவை. மேட்டுப்பாளையம் நிலையத்தில் அதன் பக்கவாட்டில் நின்று பார்த்தால், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள் தெரியும். கீழே உள்ளது சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகிறது. அதில் வேலை முடித்த நீராவி வீணாக வெளியே போகாமல், ஏற்றத்தில் மேல் சிலிண்டருக்குள் புகுந்து பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. மேல் சிலிண்டருக்கும் பல்சக்கரத்துக்கும் இடையில் பல்லிணை இருப்பதால் மேலே உள்ள தண்டுகள் ஒரு பக்கமாகவும் கீழே உள்ளவை எதிர்ப்பக்கமாகவும் சுற்றும். ஒரே எஞ்சினுக்குள் இரண்டு எஞ்சின்கள் சண்டை போட்டுக்கொள்வது போல இருக்கும் அந்தக் காட்சி.

எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் இருந்து தள்ளுகிறது. பெட்டி கழன்றாலும் எஞ்சின்மேல் வந்து சாயுமே தவிர, மலைச்சரிவில் உருண்டு ஓடாது. எஞ்சின் பின்னால் இருப்பதால் முன்பெட்டியில் உட்கார்ந்தவருக்கு எதிரே புகையும் இல்லை, மறைப்பும் இல்லை. ஒவ்வொரு பெட்டியின் வாசல் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்றுகொண்டு, கையால் பிரேக் போடுகிறார். முன்னால் நிற்பவர் கொடி காட்டித்தான் பின்னால் இருக்கும் டிரைவருக்கு வழி தெரிகிறது.

காலை ஏழு மணி வாக்கில் ரயில் மேட்டுப்பாளையத்தை விட்டுக் கிளம்புகிறது. கல்லாறு வரை தரை சமம். இரு பக்கமும் பாக்குத் தோப்புகள். பினாங் என்றாலே மலாயில் பாக்கு என்பதால், பினாங்குத் தமிழருக்கு ஊர் நினைவு வரும் இடம் இது. கல்லாறு தாண்டியதும் எஞ்சின் மெதுவாகித் தயங்கிப் பல்லில் ஏறுகிறது. அடியில் கடகடவென்று ஒரு புதுச் சத்தம் சேர்ந்துகொள்கிறது. பிறகு ஆடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று காட்டு நடுவே ஆளரவமற்ற நிலையங்கள். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் பயணிகள் இறங்கி டீ குடிக்கிறார்கள். ஹில்குரோவில் கையில் வடையோடு நிற்பவர் குரங்கைக் கவனிக்காவிட்டால் வடை அவருக்கில்லை.

குன்னூருக்குப் பிறகு தேயிலைத் தோட்டம், தைல மரக்காடு, அரவங்காடு, கேத்தி, லவ்டேல். கேத்தி நிலையத்தைத் தமிழர்கள் பலர் நேரில் பார்க்காமலே அறிவார்கள்: 1982-ல் வந்த ‘மூன்றாம் பிறை’ படத்தின் கடைசிக் காட்சி அங்கே எடுத்ததுதான்.

யுனெஸ்கோ 1999-ல் டார்ஜிலிங் ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. 2005-ல் நீலகிரியை அதோடு சேர்த்தது. ஆனால் பட்டம் கொடுத்தால் எஞ்சின் ஓடிவிடாது. உதிரி பாகம் வெளியில் வாங்கக் கிடைக்காது. திருச்சி பொன்மலைப் பணிமனையில்தான் எல்லாம் செய்ய வேண்டும். அங்குள்ள தொழிலாளர்கள் 2011 முதல் எண்ணெயில் எரியும் புதிய நீராவி எஞ்சின்களையே கட்டி அனுப்பினார்கள். 2021-ல் நிலக்கரியில் ஓடும் ஒன்றும் வந்தது. பினாங்கின் கொடிமலையிலோ அதே 2011-ல் புதுப் பெட்டிகள் வந்தன. முன்பு நடுவழியில் வண்டி மாறி அரை மணி நேரம் ஏறியவர்கள் இப்போது பத்து நிமிடத்துக்குள் உச்சியில் இருக்கிறார்கள். பழைய பெட்டி காட்சிப் பொருளாகிவிட்டது. கூட்டத்துக்கு அது வசதி. பாரம்பரியம் என்று பார்த்தால் பொன்மலைக்காரர்கள் செய்ததுதான் சரி.

வடகிழக்குப் பருவமழையில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மண்சரிந்து பாதை அடிக்கடி மூடப்படும். கோடையில் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ், மலை ரயிலைப் பிடிக்கத் தோதாக விடிகாலையில் மேட்டுப்பாளையம் வந்துவிடும். இன்னொன்று: உதகைக்கும் குன்னூருக்கும் இடையில் மட்டும் ஓடும் ரயில்களுக்கு எளிதாக இடம் கிடைக்கும் என்று அதில் ஏறித் திரும்புகிறவர்கள் அதிகம். அந்தப் பகுதியில் வண்டியை ஓட்டுவது டீசல் எஞ்சின்; பல் தண்டவாளமும் அங்கே கிடையாது. நீராவியையும் பல்சக்கரத்தையும் பார்க்க வேண்டுமானால் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையில்தான் பயணம் செய்ய வேண்டும்.