மரவள்ளியோடு கப்பலேறாத வைரஸ்

ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து மரவள்ளிக் காடுகளில் தேமல் நோயைத் தேடி அலைய வேண்டியதில்லை. வரப்போரத்தில் நிற்கும் செடியே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். இலையின் மடல்கள் சமமாக விரியாமல் ஒரு பக்கம் சூம்பியிருக்கும். பச்சைக்கு நடுவே மஞ்சள் திட்டுகள். கொழுந்து முறுக்கிக்கொண்டு கிடக்கும். அடியில் கிழங்கு சிறுத்துப்போயிருக்கும் என்பது தோண்டாமலே விவசாயிக்குத் தெரியும்.

இந்தச் செடி நம் ஊர்ச் செடியல்ல. அமேசான் காட்டின் தென்மேற்கு ஓரத்தில் பிறந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு கேரளக் கரைக்கும் வந்தது. 1880களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள், பஞ்சத்தில் கைகொடுக்கும் பயிர் என்று அதை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் சேகோ ஆலைகள் முளைத்தன. இதெல்லாம் பலரும் அறிந்த கதை.

அவ்வளவாக அறியப்படாத பகுதி வேறு. மரவள்ளியின் தாய்நாட்டில் இந்தத் தேமல் நோய் கிடையாது! நோயைப் பரப்பும் வெள்ளை ஈ அங்கேயும் இருக்கிறது, தேமலை உண்டாக்கும் ஜெமினி வைரஸ் குடும்பமும் அங்கே இருக்கிறது. ஆனால் பிரேசில் மரவள்ளியில் இந்த நோய் இல்லை. 1894இல் கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவில், ஜெர்மன் தாவரவியலாளர் வார்பர்க் முதன்முதலாக இதைப் பதிவு செய்தார். அதாவது வைரஸ் மரவள்ளியோடு கப்பலேறி வரவில்லை. வந்திறங்கிய செடிக்காக இங்கே ஏற்கெனவே காத்திருந்தது. ஆப்பிரிக்காவில் ஆப்பிரிக்கக் காட்டுச் செடிகளிலும், இந்தியாவிலும் இலங்கையிலும் இந்த மண்ணின் செடிகளிலும் குடியிருந்த வைரஸ்கள் தனித்தனியே புதுப்பயிருக்குத் தாவின என்பதுதான் அவற்றின் மரபணு எழுத்துகள் சொல்லும் சேதி.

ஜெமினி வைரஸை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு பன்முகக் கூடுகள் ஒட்டிப் பிறந்ததுபோல் தெரியும். மொத்த நீளமே ஏறத்தாழ 30 நானோமீட்டர். உள்ளே வளையமாக ஓர் ஒற்றை இழை டி.என்.ஏ., சுமார் 2,750 எழுத்துகள். மனிதனுக்கு 300 கோடி எழுத்து என்பதை நினைத்துக்கொண்டால் இந்தச் சிக்கனம் புரியும். மரவள்ளி வைரஸ்களுக்கு இப்படி இரண்டு வளையங்கள் உண்டு. ‘ஏ’ வளையத்தில் பிரதியெடுக்கும் வேலைக்கும் கூடு கட்டும் வேலைக்குமான மரபணுக்கள். ‘பி’ வளையத்தில் செல்லுக்குச் செல் நகர்ந்து போவதற்கானவை. இரண்டும் தனித்தனிக் கூட்டில் பயணம் செய்கின்றன. செடியில் நோய் முழுதாய் நிலைபெற வேண்டுமானால் வெள்ளை ஈ இரண்டையும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் இது அசட்டுத்தனமான ஏற்பாடு. ஒன்று வந்து மற்றொன்று வராமல் போனால் என்ன செய்வது? இப்படி ஓர் ஏற்பாடு எப்படி உருவாகியிருக்கும் என்பதற்கான தடயம் இலங்கை மரவள்ளியில் கிடைத்தது.

இங்கிலாந்தின் நாரிச் நகரிலுள்ள ஜான் இன்னஸ் மையத்தில் கீத் சாண்டர்ஸ் குழுவினர் மத்திய இந்தியாவிலிருந்து வந்த வைரஸையும் இலங்கையிலிருந்து வந்த வைரஸையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு 2002இல் வெளியிட்டார்கள். இரண்டின் ‘ஏ’ வளையங்களுக்கும் 84 சதவீத ஒற்றுமை. ‘பி’ வளையங்களுக்கோ 94 சதவீதம். ஒரே பரம்பரையில் வந்த இரண்டு வளையங்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தானே விலகியிருக்க வேண்டும்? இலங்கை வைரஸின் ‘பி’ வளையம் அதன் சொந்தச் சொத்தல்ல, இந்திய வைரஸிடமிருந்து எடுத்தது என்பதுதான் இதற்குப் பொருத்தமான விளக்கம்.

எடுத்ததோடு வேலை முடியவில்லை. பிரதியெடுக்கும் புரதம் தன் வளையத்தின் அடையாள எழுத்துகள் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் வேலையைத் தொடங்கும். அந்நிய வளையத்தைச் சீண்டாது. அதனால் ‘பி’ வளையத்தின் அந்தத் துண்டு மட்டும் வெட்டுப்பட்டு, அந்த இடத்தில் இலங்கை வைரஸின் ‘ஏ’ வளையத்துத் துண்டு வந்து உட்கார்ந்திருக்கிறது. தூக்கிவந்த வண்டிக்குத் தன் நம்பர் பிளேட்டை மாட்டிக்கொண்ட கதைதான். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஒரே செல்லில் இரண்டு வைரஸ்கள் பெருகும்போது பிரதியெடுப்பு பாதியில் இழை மாறிவிடுவது சகஜம். அப்படிப் பிறக்கும் எண்ணற்ற கலப்புகளில் பெரும்பாலானவை உதவாமல் அழியும், ஒன்றிரண்டு பிழைக்கும்.

அதே ஆய்வில் இன்னொரு சோதனையும் உண்டு. இலங்கை வைரஸின் ‘ஏ’ வளையத்தைத் தனியாகவே ஆய்வகச் செடியில் செலுத்தினார்கள். ‘பி’ இல்லாமலே செடி கடுமையாக நோயுற்றது. அஜெரேட்டம் என்ற களைச்செடியின் வைரஸோடு ஒட்டித் திரியும் ஒரு குட்டி டி.என்.ஏ. வளையத்தைத் துணைக்குச் சேர்த்தபோது அதையும் ஏற்றுக்கொண்டு வேலை செய்தது. ஒரு காலத்தில் ஒற்றை வளையத்தோடு வேறு செடிகளில் பிழைத்துக்கொண்டிருந்த வைரஸ் இது என்று சாண்டர்ஸ் குழு கருதியதற்கு இவையே காரணம்.

ஆகவே தாவர வைரஸின் பரம்பரையைக் கிளைவிட்டுப் பிரியும் மரமாக வரைவது பாதி உண்மைதான் என்பது என் எண்ணம். கிளைகள் மீண்டும் மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன. 1990களில் உகாண்டாவின் மரவள்ளிக் காடுகளைச் சூறையாடிய வைரஸும் அப்படி ஒட்டிய கிளைதான். கிழக்கு ஆப்பிரிக்க வைரஸின் கூட்டுப்புரத மரபணுவின் நடுவில் மற்றோர் ஆப்பிரிக்க மரவள்ளி வைரஸின் துண்டு செருகியிருந்தது. பயிர் பொய்த்து அங்கே சில பகுதிகளில் பட்டினிச் சாவு வரை போனது.

இன்னும் பின்னால் போனால்? ஏறக்குறைய எல்லா ஜெமினி வைரஸ்களிலும் மாறாத ஒன்பது எழுத்துகள் உண்டு: டி-ஏ-ஏ-டி-ஏ-டி-டி-ஏ-சி. பிரதியெடுக்கும் புரதம் இதன் ஏழாவது, எட்டாவது எழுத்துகளுக்கு நடுவே வெட்டி, வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் புது இழையை உருட்டி எடுக்கிறது. பாக்டீரியாவுக்குள் திரியும் பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையங்கள் பலவும் இதே உத்தியைக் கையாளுகின்றன. செடிகளின் உணவு கடத்தும் குழாயில் வாழும் ஃபைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவின் பிளாஸ்மிட்தான் மூதாதை என்று 2009இல் மார்ட் க்ருபோவிச் குழுவினர் முன்வைத்தார்கள். எங்கிருந்தோ ஒரு கூட்டுப்புரதத்தைப் பெற்று, அந்த வளையம் வைரஸாகியிருக்கலாம். எனக்கு இது நம்பத்தகுந்ததாகவே படுகிறது.

காலத்தைக் கணிப்பதுதான் சிக்கல். வைரஸ் புதைபடிவம் ஆகாது. இலக்கியத்தில் கிடைத்த பழைய சாட்சி ஜப்பானுடையது: 752இல் பேரரசி கோகென் பாடியதாக மான்யோஷூ தொகுப்பிலுள்ள ஒரு சிறு பாடல், கோடைக்காலத்திலேயே மஞ்சளாகிவிட்ட செடிகளைப் பற்றியது. அது யூபடோரியம் செடியில் ஜெமினி வைரஸ் செய்த வேலை என்று 2003இல் அதே சாண்டர்ஸ் குழு காட்டியது. மரபணுவில் ஏறும் பிழைகளை எண்ணுவது மற்றொரு வழி. கிழக்கு ஆப்பிரிக்க மரவள்ளி வைரஸின் ‘ஏ’ வளையத்தில் ஆயிரம் எழுத்துக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு மாறுகின்றன. டி.என்.ஏ. வைரஸுக்கு இது தலைதெறிக்கும் வேகம். இந்தக் கணக்கை அப்படியே பின்னோக்கி ஓட்டினால் இந்தக் குடும்பமே அண்மையில் பிறந்ததாகத்தான் வரும்.

புகையிலை அதை ஒப்புக்கொள்ளாது. அதன் குரோமோசோமிலேயே ஜெமினி வைரஸின் துண்டுகள் பதிந்து கிடப்பதை 1996இல் கண்டார்கள். அதன் காட்டு உறவுச் செடிகள் சிலவற்றிலும் அதே துண்டுகள் இருக்கின்றன. ஆகவே மனிதன் புகையிலையைத் தொடுவதற்கு வெகு முன்பே, அந்தச் செடிகளின் பொது மூதாதையில் அவை நுழைந்திருக்க வேண்டும். இன்று நாம் எண்ணும் பிழைகளில் பெரும்பகுதி நாளடைவில் கழித்துக்கட்டப்படும், எஞ்சுவது கொஞ்சம். அந்தக் கழிவைச் சேர்க்காமல் போட்ட கணக்கு வைரஸின் வயதைக் குறைத்துத்தான் காட்டும்.

இதற்கிடையில் இலங்கை வைரஸ் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இந்திய வைரஸோடு சேர்ந்து பரவியது. 2015இல் கம்போடியாவில் தென்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் வியட்நாம், தாய்லாந்து என்று போய்விட்டது. வெள்ளை ஈ இவ்வளவு தூரம் சுமப்பதில்லை. நடவுக் கரணைகளை மனிதர்கள்தான் லாரியில் ஏற்றினார்கள்.

தடுக்கும் வழிகளில் சுவாரசியமானது வைரஸின் சிக்கனத்தையே பிடித்துக்கொள்வது. 2,750 எழுத்துக்குள் டி.என்.ஏ. பாலிமரேஸ் நொதிக்கு இடமில்லை. செடியுடையதைத்தான் அது பயன்படுத்தியாக வேண்டும். மேற்கு ஆப்பிரிக்க நாட்டு ரகங்கள் சில தேமலை எதிர்த்து நிற்பதற்குக் காரணம், அவற்றின் டி.என்.ஏ. பாலிமரேஸ் டெல்டா என்ற நொதியின் மரபணுவில் நேர்ந்த சிறு மாற்றமே என்று 2022இல் வந்த ஆய்வு சுட்டியது. செடி வழக்கம்போல் வளர்கிறது, வைரஸ் திணறுகிறது. இந்த ரகங்களைக் கலந்து எடுக்கும் கன்றுகளில் எதில் இந்த எதிர்ப்பு இறங்கியிருக்கிறது என்று பார்க்க நோய் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நாற்றிலிருந்து ஒரு துண்டு இலையைக் கிள்ளி மரபணுச் சோதனைக்கு அனுப்பினால், வெள்ளை ஈ வந்து சேரும் முன்பே தெரிந்துவிடும்.