விமானப் பணிப்பெண்ணும் விவாகத் தடையும்



இப்போது திரையில் நீங்கள் காண்பது, மத்திய அரசின் உடைமையாக இருந்த ஏர் இந்தியா கார்ப்பரேஷனின் பணி ஒழுங்குவிதிகளுள் 46-ஆவது விதியின் சாரம். விமானப் பணிப்பெண் ஒருத்தி 35 வயதை எய்தினாலும், பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் நிறைவதற்குள் விவாகம் செய்துகொண்டாலும், முதன்முறையாகக் கருவுற்றாலும், இம்மூன்றில் எது முந்துகிறதோ அன்றே அவள் ஓய்வுபெற வேண்டும் என்று அது கூறிற்று. அதற்கடுத்த 47-ஆவது விதியோ, வைத்தியப் பரிசோதனையில் தேறியவளுக்கு ஒவ்வோர் ஆண்டாகப் பத்தாண்டுகள் வரை, அதாவது 45 வயது வரை, நீட்டிப்பு அளிக்கும் அதிகாரத்தை நிர்வாக இயக்குநரின் விருப்பத்துக்கே விட்டிருந்தது. எவருக்கு அளிப்பது, எவருக்கு மறுப்பது, மறுத்தால் காரணம் கூற வேண்டுமா என்பது பற்றி அவ்விதியில் ஒரு சொல்லும் இல்லை.

இந்த வேலை எத்தகையது என்பதை அறிந்தால்தான் அந்த விதியின் கொடுமை நமக்கு விளங்கும். பிரயாணிகளாகிய நாம் காண்பதெல்லாம் வாயிலில் ஒரு வணக்கமும், ஒடுங்கிய நடைவழியில் நகர்ந்து வரும் உணவுத் தள்ளுவண்டியும்தான். நாம் ஏறி அமர்வதற்கு முன்பே, தீயணைப்புக் கருவி உரிய இடத்தில் இருக்கிறதா, பிராணவாயு உருளையின் அழுத்தமானியில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தாகிவிடுகிறது. கதவு சாத்தப்பட்டதும், ஆபத்துக் காலத்தில் தானே விரிந்து தரையைத் தொடும் காற்றுச் சறுக்கினை இயக்கத்துக்கு ஆயத்தமாக்கி, எதிர்ப்புறக் கதவையும் சரிபார்த்த பின்னரே அவர்கள் தங்கள் மடக்கு இருக்கையில் அமர்கிறார்கள். பெரிய பிரயாணி விமானம் ஒன்றின் அமைப்புக்கு அங்கீகாரம் தருமுன், வெளியேறும் வாயில்களில் பாதியை மட்டும் பயன்படுத்தி, நிறைந்த விமானத்திலுள்ள அனைவரும் 90 விநாடிகளுக்குள் வெளியேற இயலும் என்று காட்டியாக வேண்டும். அந்த 90 விநாடிகளில் உரத்த குரலில் ஆணையிட்டு மக்களை வழிநடத்துகிறவர்கள் இவர்களே. கழுத்தில் தாலி ஏறியதனால் அந்தக் குரல் தளர்ந்துவிடுமா?

அதே விமானத்தில், அதே நடைவழியில், அதே பிரயாணிகளுக்குப் பணிவிடை செய்த ஆண்களும் இருந்தார்கள். அவர்களுக்கு உதவி பர்சர் என்று பெயர். அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மணம் புரியலாம். எத்தனை குழந்தைகளுக்கும் தந்தையாகலாம். 58 வயது வரை வேலை உண்டு. வேடிக்கையன்று, வேதனைக்குரிய செய்தி இன்னொன்றும் உண்டு: பிரிட்டனில் அமர்த்தப்பட்ட பணிப்பெண்களுக்கு இதே ஸ்தாபனம் வேறு நிபந்தனைகளை அனுமதித்திருந்தது, அந்நாட்டுச் சட்டம் அப்படி இருந்தமையால்.

நர்கீஷ் மீர்சா முதலிய பணிப்பெண்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1981 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஃபசல் அலி, வரதராஜன், ஏ. என். சென் ஆகிய மூவர் அமர்ந்த ஆயம் அது. இவர்களுள் வரதராஜன் நம் திருப்பத்தூர்ப் பகுதியைச் சேர்ந்தவர். தாழ்த்தப்பட்டோராக வைக்கப்பட்ட சமூகத்திலிருந்து உச்ச நீதிமன்றத்தை எட்டிய முதல் நீதிபதி. தீர்ப்பை எழுதியவர் ஃபசல் அலி.

கருவுற்றதும் வேலையை விட்டு அனுப்பும் விதியை அத்தீர்ப்பு சிறிதும் தயக்கமின்றி வீழ்த்தியது. மணம் புரிய அனுமதித்துவிட்டு, அதன் இயல்பான விளைவாகிய தாய்மையை வேலைநீக்கத்துக்குக் காரணமாக்குவது, ஒரு பெண்ணைப் பிள்ளை பெறாதிருக்குமாறு நிர்ப்பந்திப்பதாகும், மானிட இயற்கையையே தடுப்பதாகும், இந்தியப் பெண்மையை வெளிப்படையாக அவமதிப்பதாகும் என்று நீதிமன்றம் கண்டித்தது. நிர்வாக இயக்குநரின் கட்டற்ற அதிகாரமும் அவ்வாறே செல்லாததாயிற்று. வரையறையின்றி ஒருவர் கையில் கொடுக்கப்பட்ட அதிகாரம், வேண்டியவருக்கு ஒரு நீதியும் வேண்டாதவருக்கு வேறொரு நீதியுமாக முடியும் அன்றோ?

ஆனால் நான்காண்டு விவாகத் தடை நிலைத்தது. பத்தொன்பது வயதில் சேர்கிற பெண் நான்கு ஆண்டு பொறுத்தால் முதிர்ச்சியடைந்து இல்லறம் புகுவாள், அது குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் துணை செய்யும், பயிற்சிக்கான செலவும் வீணாகாது என்று நியாயம் கூறப்பட்டது. பெரிய மனத்தோடு எழுதப்பட்ட தீர்ப்பில் இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் வருந்துகிறது. பர்சருக்குப் பயிற்சியளிக்கவும் பணம் செலவாகத்தான் செய்தது. அவரது முதிர்ச்சியைப் பற்றி எந்த விதியும் கவலைப்படவில்லை.

அடிப்படையான பிழை இதனினும் ஆழத்தில் இருக்கிறது. ஆணுக்கு 58, பெண்ணுக்கு 35 என்பது அரசியலமைப்பின் 14, 15, 16-ஆம் பிரிவுகளுக்கு விரோதம் என்ற வாதத்துக்கு நீதிமன்றம் கூறிய விடை யாதெனில், பணிப்பெண்களும் பர்சர்களும் இருவேறு பணிப் பிரிவினர், அவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும் தகுதிகளும் பதவி உயர்வுப் படிகளும் வேறு, ஆகவே சமமல்லாதவர்களிடையே சமத்துவம் கோர இடமில்லை என்பதே. சம ஊதியச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 1979 ஜூன் 15 அன்று வெளியிட்ட, இவ்வேறுபாடுகள் பாலினத்தைக் காரணமாகக் கொண்டவை அல்ல என்ற பிரகடனமும் அதற்கு ஆதரவாயிற்று. பெண்ணாயிருப்பவரை மட்டும் ஒரு பிரிவில் சேர்த்து, அப்பிரிவுக்குக் குறைந்த உரிமைகளை வகுத்து, பின்னர் உரிமைகள் குறைந்திருப்பதையே பிரிவு வேறு என்பதற்குச் சான்றாகக் காட்டினால், அந்த வளையத்துக்குள்ளிருந்து எவரும் வெளியே வர இயலாது. தொழிலாளர் உரிமை பற்றிய விவாதம் எதிலும், பிரிவினையைச் செய்தவர் யார், எந்த அளவுகோலால் செய்தார் என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவற்றைக் கேட்க வேண்டும்.

அதன் பின்னர் நடந்தவை மெதுவாகவே நடந்தன. பணிப்பெண்களுக்குப் பறக்கும் பணி 50 வயது வரையிலும், அதன்பின் 58 வரை தரைப் பணியும் என்றொரு நிலை ஏற்பட்டது. அதைப் பம்பாய் உயர் நீதிமன்றம் பாரபட்சம் என்றது. 2003-இல் உச்ச நீதிமன்றம் யஷஸ்வினி மெர்ச்சன்ட் வழக்கில் அம்முடிவை மாற்றிற்று. இதில் பெண்களே இரு கூறாக நின்றார்கள் என்பதை மறைக்கலாகாது: ஐம்பதுக்குமேல் இரவு பகல் மாறிமாறிப் பறப்பதிலிருந்து விடுதலை வேண்டும் என்றார்கள் ஒரு சாரார், பறக்கும் பணியோடு சேர்ந்த படிகளையும் மதிப்பையும் ஏன் இழக்க வேண்டும் என்றார்கள் மறு சாரார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. விரும்பியவர் இறங்கவும் விரும்பியவர் தொடரவும் வழி செய்வதே முறையாக இருந்திருக்கும்.

2005 டிசம்பரில் ஏர் இந்தியா, விமானத்தினுள் மேற்பார்வையாளராகும் தகுதியைப் பெண்களுக்கும் திறந்துவிட்டது. அதுகாறும் பணிமூப்பு எவ்வளவு இருந்தாலும், அந்த இடம் ஆணுக்கே உரியதாயிருந்தது. ஆண் ஊழியர் சிலர் அதை எதிர்த்து வழக்காடினார்கள். 2011 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்களது வாதத்தை ஏற்க மறுத்துவிட்டது. 1981-இல் அசையாத பிரிவுச் சுவர் அன்றுதான் உண்மையில் விரிசல் கண்டது.

இன்று எந்த நிறுவனமும் 46-ஆவது விதியைப் போன்றதொரு வாசகத்தை எழுதி வைக்கத் துணியாது. ஆனால் நிரந்தர உத்தியோகத்துக்குப் பதிலாகச் சில ஆண்டுகளுக்கு மட்டும் என்ற ஒப்பந்தத்தில் பணிப்பெண்களை அமர்த்தும் வழக்கம் தனியார் விமானத் துறையில் பரவியிருக்கிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவதற்குக் காரணம் எதையும் எழுத வேண்டியதில்லை. ஆகவே இத்துறையில் சேர விழையும் இளம் பெண்கள் நியமனக் கடிதத்தில் சம்பளத் தொகைக்குமுன் பார்க்க வேண்டியது, காலவரையறை, புதுப்பிக்கும் நிபந்தனை, கருவுற்ற காலத்தில் பறக்க இயலாதபோது தரைப் பணி உண்டா என்ற மூன்றையுமே. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தைத் தன்னுள் ஏற்றுக்கொண்ட 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், பிரசவத்தை முன்னிட்ட விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலைநீக்கம் செய்வதைத் தடுக்கிறது. முதலிரண்டு குழந்தைகளுக்கு 26 வாரங்கள் ஊதியத்துடன் விடுப்பு 2017 முதல் உண்டு. இந்தத் தடையை மீறி நீக்கப்பட்டவர், உத்தரவு தம் கைக்கு எட்டிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் உரிய அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆதலால் அந்த உத்தரவையும், வைத்தியச் சான்றையும், மாதாந்தரப் பணி அட்டவணைகளையும் தேதி தெரியும்படி பிரதியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.